தமிழ் படிக்க எந்த இ-ரீடர்? கருவிக்கு முன் புத்தகத்தின் வடிவத்தைப் பாருங்கள்

இ-ரீடர் வாங்கும் யோசனை வந்ததும் "கிண்டிலா, கோபோவா?" என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். கிண்டில் அமேசானின் கருவி, கோபோ அதற்குப் போட்டியான இன்னொன்று. தமிழ் படிப்பவர் அதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டாக வேண்டும். அடுத்த ஓராண்டில் படிக்கப்போகும் புத்தகங்கள் எங்கிருந்து, எந்த வடிவில் வரும்? அமேசானில் காசு கொடுத்து வாங்கும் மின்நூல்களா, இலவசத் தளங்களிலிருந்து இறக்கும் இபப் (EPUB, திரைக்கு ஏற்ப வரி மடங்கும் மின்நூல் வடிவம்) கோப்புகளா, பழைய அச்சு நூல்களை ஸ்கேன் செய்த பிடிஎஃப்களா? மூன்றுக்கும் ஒரே கருவி சரிப்பட்டு வருவது அபூர்வம். புதிய ஆங்கில நாவல்களை மட்டும் படிப்பவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. தமிழில் மறுபதிப்பு காணாத நூல்கள் பெரும்பாலும் ஸ்கேன் வடிவில்தான் கிடைக்கின்றன என்பதால் நமக்கு இது பெரிய விஷயம்.

அமேசானில் வாங்கிப் படிப்பவர்

இவருக்கு கிண்டில்தான். 2016 டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட 5 இந்திய மொழி நூல்களை அமேசான் கிண்டில் கடையில் கொண்டுவந்தது. அதன்பிறகு தமிழில் சுயபதிப்பு செய்பவர்கள் பெரும்பாலும் அங்கேயே குவிந்துவிட்டார்கள். கிண்டில் அன்லிமிடெட் சந்தாவில் நூலைச் சேர்க்கும் எழுத்தாளர் அந்தக் காலம் முழுக்க அதன் மின்பதிப்பை வேறெங்கும் விற்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆகவே அந்த நூல்கள் கோபோவிலோ வேறு கடையிலோ கிடைக்காது. கிண்டில் கருவியோ கிண்டில் செயலியோ இருந்தால்தான் படிக்க முடியும்.

மாடல்களில் இரண்டைத்தான் ஒப்பிட வேண்டும். சாதாரண கிண்டில் 6 அங்குலத் திரை, 158 கிராம். ஒரு கையில் பிடித்துப் படுத்தபடி படிக்க இதைவிட வசதியானது இல்லை. ஆனால் திரை விளக்கின் நிறத்தை மஞ்சளாக மாற்ற முடியாது, தண்ணீர் பட்டால் தாங்காது. 2024இல் வந்த பேப்பர்ஒயிட் 7 அங்குலம், 211 கிராம். விளக்கை இளமஞ்சளாக்கலாம், ஐபிஎக்ஸ்8 தரத்தில் நீர்ப் பாதுகாப்பும் உண்டு. இந்தியாவில் 2025இல் 16,999 ரூபாய்க்கு அறிமுகமானது. இரண்டுமே ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி, எழுத்தின் கூர்மையில் வித்தியாசம் இல்லை. 50 வயதைத் தாண்டி எழுத்தைப் பெரிதாக வைத்துப் படிப்பவர் பேப்பர்ஒயிட்டுக்கே போகலாம். தமிழ்ச் சொற்கள் நீளம். 6 அங்குலத் திரையில் எழுத்தைக் கூட்டினால் ஒரு வரிக்கு 3, 4 சொற்களே நிற்கும். "போய்க்கொண்டிருந்தவர்களுக்கு" போன்ற ஒரு சொல் வந்தாலே முக்கால் வரி போய்விடும். இருபுறமும் சமமாக நிரப்பும் அமைப்பில் வைத்திருந்தால் மிச்சச் சொற்களுக்கு நடுவே பெரிய பள்ளம் விழும். இடப்பக்கம் மட்டும் நேராக்கும் அமைப்புக்கு மாற்றினால் பள்ளம் போய்விடும். எந்தக் கருவி வாங்கினாலும் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

கிண்டிலில் தெரிந்தே ஏற்க வேண்டிய குறை ஒன்று உண்டு. வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி கேபிள் வழியே ஏற்றும் வசதியை 2025 பிப்ரவரி 26 முதல் அமேசான் நிறுத்திவிட்டது. கணக்கு முடங்கினால் நூல்களும் கைவிட்டுப் போகும். வாங்கும் நூலைப் பேரப்பிள்ளைகள் காலம் வரை வைத்திருக்க நினைப்பவர், முக்கியமானவற்றை அச்சிலும் வாங்கி வைப்பதே நல்லது.

இபப் கோப்புகளை இறக்கிப் படிப்பவர்

ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் வெளியான நூல்கள் இபப் ஆகவும், 6 அங்குலத் திரைக்கென்றே அமைத்த பிடிஎஃப் ஆகவும் கிடைக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் 20ஆம் நூற்றாண்டு உரைநடை வரை தட்டச்சு செய்த பிரதிகள் இருக்கின்றன. அவற்றின் யூனிகோடு பக்கத்தைச் சேமித்து, கேலிபர் என்ற இலவச மென்பொருளில் இபப் ஆக மாற்றிக்கொள்ளலாம்.

இந்த வகை வாசிப்பில் தமிழுக்கே உரிய தொல்லை, எழுத்து உடைவது. யூனிகோடில் "கெ" என்பது முதலில் க, அடுத்து கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை இடப்பக்கம் நகர்த்துவது வாசிப்பு மென்பொருளின் வேலை. "கொ" வந்தால் ஒரே குறியை இரண்டாகப் பிரித்து இருபுறமும் வைக்க வேண்டும். கு, சு, து, நு ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம் தேட வேண்டும். மென்பொருளில் எழுத்தை அடுக்கிக் காட்டும் பகுதிக்கு எஞ்சின் என்று பெயர். இந்த வேலையைச் செய்யாத பழைய எஞ்சின் என்றால் கொம்பு வலப்பக்கம் தொங்கும், புள்ளி வட்டங்கள் முளைக்கும். எழுத்துரு தமிழ் என்பதால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கக் கூடாது. எழுத்துரு இருந்தும் எஞ்சின் சரியில்லாவிட்டால் இதே கதிதான்.

கிண்டிலில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் இபப்பை நேராகக் கேபிளில் ஏற்றினால் கிண்டில் திறக்காது. அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' சேவை வழியே அனுப்ப வேண்டும். இணையப் பக்கம் வழியாக 200 எம்பி வரை, மின்னஞ்சலில் 50 எம்பி வரை அனுப்பலாம். முன்பு எல்லோரும் அனுப்பிக்கொண்டிருந்த மொபி என்ற பழைய வடிவக் கோப்பை இப்போது ஏற்பதில்லை. அனுப்பும் முன் கேலிபரில் நூலின் விவரப் பக்கத்தைத் திறந்து மொழி என்ற இடத்தில் தமிழ் என்று இருக்கிறதா பாருங்கள். பல இலவச இபப்களில் அங்கே ஆங்கிலம் என்று கிடக்கும். கிண்டில் நூலின் மொழியைப் பார்த்துத்தான் எழுத்துருப் பட்டியலைக் காட்டுகிறது. மொழி தவறாக இருந்தால் பட்டியலில் எதைத் தேர்ந்தாலும் தமிழ் எழுத்து மாறாமல் அப்படியே நிற்கும்.

எழுத்துரு பிடிக்கவில்லை என்றால் நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை, முக்தா மலர் போன்ற இலவச எழுத்துருக் கோப்புகளைக் கருவியின் 'ஃபான்ட்ஸ்' கோப்புறையில் போட்டால் பட்டியலில் வந்துவிடும். கிண்டில், கோபோ இரண்டிலும் இந்த வழி உண்டு. 2024 முதல் வந்த கிண்டில்கள் கணினியில் பென் டிரைவ்போலத் தெரியாது. மேக் வைத்திருப்பவர் கோப்பை நகர்த்தத் தனி மென்பொருள் நிறுவ வேண்டும்.

கோபோவின் சிறப்பு, கருவி உங்கள் பேச்சைக் கேட்கும். இபப்பைக் கேபிளில் ஏற்றினால் நேராகத் திறக்கும், இடையில் யாருடைய சர்வரும் இல்லை. அதன் சொந்த மென்பொருள் சாதாரண இபப்பை ஒரு எஞ்சினிலும், தன் சொந்த வடிவமான கேஇபப்பை வேறொரு எஞ்சினிலும் திறக்கிறது. ஒன்றில் தமிழ் உடைந்தால் மற்றதில் மாற்றிப் பார்க்க வேண்டும். கெபுபிஃபை என்ற சிறு நிரலில் கோப்பைப் போட்டால் நொடியில் மாறிவிடும். அதிலும் திருப்தி இல்லையென்றால் கேஓரீடர். இந்த இலவச மென்பொருளைக் கோபோவிலும் பாக்கெட்புக் என்ற மற்றொரு இ-ரீடரிலும் பூட்டுடைக்காமலே (ஜெயில்பிரேக் செய்யாமலே) நிறுவலாம். ஹார்ஃப்பஸ் எஞ்சினைக் கொண்டு எழுத்தைக் கோப்பதால் தமிழ் ஒழுங்காக வரும். வரி இடைவெளி, ஓரம், எழுத்தின் தடிமன் எல்லாவற்றையும் நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கலாம். ஸ்டார்டிக்ட் வடிவத்தில் கிடைக்கும் அகராதியை ஏற்றினால் சொல்லைத் தொட்டுப் பொருள் பார்க்கலாம். கிண்டிலில் கேஓரீடர் போடப் பூட்டுடைக்க வேண்டும். அது எல்லா மென்பொருள் பதிப்பிலும் நடக்காது, வாரண்டியும் கேள்விக்குள்ளாகும். கேஓரீடருக்காகவே வாங்குபவர் கிண்டிலை விட்டுவிடுவதே மேல்.

கோபோ, பாக்கெட்புக் இரண்டும் இந்தியாவில் பெரும்பாலும் இறக்குமதி செய்து விற்பவர்களிடம்தான் கிடைக்கின்றன. பழுதானால் யார் பார்ப்பார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிங்கப்பூர், கனடா, ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்குக் கோபோவின் மதிப்பு இன்னும் கூடும். ஓவர்டிரைவ் என்ற சேவை வழியே மின்நூல் இரவல் தரும் நூலகங்களின் நூல்களைக் கருவியிலேயே எடுக்கலாம். நூலகத்தில் இரவல் எடுத்ததைக் கிண்டிலுக்கு அனுப்பும் வசதி அமெரிக்காவில் மட்டுமே உண்டு.

ஸ்கேன் பிடிஎஃப் படிப்பவர்

பலர் ஏமாறும் இடம் இதுதான். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் காக்கும் நூலகம் தளம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆகியவற்றில் இருப்பவை பெரும்பாலும் பக்கத்தின் படங்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடங்கி வராது. 6 அங்குலக் கருவியை வாங்கி, ஸ்கேன் பிடிஎஃப்பைத் திறந்து, எறும்பு ஊர்வதுபோல் எழுத்தைப் பார்த்து வெறுத்து, அலமாரியில் போட்டவர்கள் நிறைய.

அளவைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும். 6 அங்குலத் திரையின் அகலம் சுமார் 91 மி.மீ., உயரம் 122. 7 அங்குலத் திரை 107க்கு 142. 10.3 அங்குலம் 157க்கு 209. ஏ4 தாள் 210க்கு 297 என்பதால் 6 அங்குலத் திரையில் முழுப்பக்கம் காட்டினால் ஐந்தில் இரண்டு பங்காகச் சுருங்குகிறது. 12 பாயிண்ட் அளவுள்ள எழுத்து 5 பாயிண்டாகிவிடும், படிக்கவே முடியாது. 10.3 அங்குலத்தில் அதே எழுத்து எட்டரைப் பாயிண்ட். கண் நல்லவிதமாக இருந்தால் படிக்கலாம்.

ஆனால் தமிழ் நூல்கள் ஏ4 அளவில் வருவதில்லை. டெம்மி 1/8 என்ற அச்சு அளவில் பக்கம் ஏறக்குறைய 140க்கு 216 மி.மீ. 10.3 அங்குலத் திரையில் அச்சுப் புத்தகத்தின் அளவிலேயே உட்கார்ந்துவிடும். கிரவுன் 1/8 அதைவிடச் சிறியது, ஏறக்குறைய 120க்கு 180. ஸ்கேன் நூல்களே முக்கியம் என்பவர் யோசிக்காமல் 10 அங்குலத்துக்குப் போகலாம். ஓனிக்ஸ் பூக்ஸின் 10.3 அங்குலக் கருவிகள், 10.2 அங்குல கிண்டில் ஸ்கிரைப் ஆகியவை இந்த வகை. கிண்டில் ஸ்கிரைப்பின் முதல் மாடல் 433 கிராம். மேசையிலோ மடியிலோ வைத்துத்தான் நீண்ட நேரம் படிக்க முடியும். பூக்ஸில் ஓரம் வெட்டுவது, மங்கிய எழுத்தைக் கறுப்பாக்குவது, இரட்டைப் பக்க ஸ்கேனைப் பிரிப்பது எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. ஆண்ட்ராய்டு என்பதால் கிண்டில் செயலியும் ஓடும். மூன்று வகை நூலும் ஒரே கருவியில் வேண்டும் என்பவருக்கு நெருங்கிவரும் ஒரே தேர்வு இதுதான். கொடுக்க வேண்டிய விலையும் இருக்கிறது. பணம் இரு மடங்கைத் தாண்டும். பேட்டரி கிண்டில்போல வாரக்கணக்கில் நிற்காது. வாட்ஸாப்பையும் அதில் போட்டுவிட்டால் படிப்பு கெடும். 2024இல் வந்த கோ 10.3 மாடலில் திரை விளக்கே கிடையாது, இரவில் படிப்பவர் அதைத் தவிர்க்க வேண்டும்.

கையில் ஏற்கெனவே சிறிய கருவி இருந்தால் உடனே பெரியது வாங்க வேண்டாம். முதலில் இவற்றைச் செய்து பாருங்கள்.

கருவியைக் கிடைமட்டமாகத் திருப்புங்கள். 7 அங்குலத் திரைக்கு 142 மி.மீ. அகலம் கிடைக்கும். டெம்மி நூலின் ஓரங்களை வெட்டினால் எழுத்துப்பகுதி சுமார் 105 மி.மீ.தான் இருக்கும். அதாவது அச்சில் இருப்பதைவிடப் பெரிதாகவே தெரியும். ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று தட்டு தட்ட வேண்டும், அவ்வளவுதான். 6 அங்குலத்திலும் இது நடக்கும். ஓரத்தை கேஓரீடர் தானாகவே வெட்டும். கிண்டிலுக்கு ஏற்றுவதானால் கணினியில் வெட்டிவிட்டு ஏற்றுங்கள்.

அடுத்தது கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச நிரல். பக்கத்தின் படத்தைச் சொல் சொல்லாக வெட்டி, சிறிய திரைக்கு ஏற்ப மறுபடி அடுக்கித் தரும். கேஓரீடருக்குள்ளும் இதே வசதி உண்டு. உரைநடைக்கு அருமையாக வேலை செய்கிறது. பழைய ஈய அச்சில் எழுத்துகள் தள்ளித் தள்ளி இருந்தால் சொல்லின் நடுவிலேயே வரி முறியும். சொல் இடைவெளிக்கான அளவைக் கொஞ்சம் கூட்டினால் சரியாகும். செய்யுள் நூலுக்கும், மூலம் ஒருபுறம் உரை மறுபுறம் என்று அமைந்த பதிப்புக்கும் இதைப் பயன்படுத்தவே கூடாது. அடி சிதறிவிடும், அடிக்குறிப்பு நடுவில் வந்து விழும். அவற்றுக்குக் கிடைமட்ட வழிதான்.

பக்கம் புரள 4, 5 விநாடி ஆனால் கருவியில் பழுது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இன்டர்நெட் ஆர்க்கைவின் பிடிஎஃப்களில் படங்கள் ஜேபெக் 2000 முறையில் இறுக்கப்பட்டிருக்கும். அதை அவிழ்க்க இ-ரீடரின் சிறிய செயலி திணறுகிறது. பக்கங்களைப் படங்களாகப் பிரித்து, ஸ்கேன் டெய்லர் என்ற இலவச மென்பொருளில் கொடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கி, மறுபடி பிடிஎஃப் ஆக்கினால் கோப்பும் சிறுக்கும், பக்கமும் சட்டென்று புரளும். மஞ்சள் பூத்த தாளின் நிறமும் போய்விடுவதால் எழுத்து எடுப்பாகத் தெரியும்.

ஸ்கேனாக இல்லாமல், எழுத்தைத் தேர்வு செய்ய முடிகிற பிடிஎஃப்பாக இருந்தும் கேலிபரில் மாற்றினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறதா? அது பாமினி, டிஸ்கி போன்ற பழைய குறியேற்றத்தில் தட்டச்சு செய்தது. இலங்கைக் கோப்புகளில் பாமினி மிகுதி. எழுத்தை நகலெடுத்து என்எச்எம் கன்வெர்ட்டரிலோ சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியிலோ யூனிகோடாக்கி, பிறகு இபப் செய்ய வேண்டும். வெறும் படமாக இருந்தால் கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸ் ஆகத் திறந்தால் தமிழ் எழுத்துணர்தல் ஓரளவு நன்றாகவே நடக்கிறது. ஆனால் ர, ா குழப்பம் வரும், ஒற்றுப்புள்ளி விட்டுப்போகும். ஆய்வுக்கு மேற்கோள் எடுப்பவர் மூலப் படத்தோடு ஒப்பிடாமல் எடுக்கக் கூடாது.

வண்ணத் திரை தேவையா?

தமிழ் நூல் படிக்க மட்டும் என்றால் தேவையில்லை. இன்று வரும் வண்ண இ-ரீடர்களில் பெரும்பாலானவை கேலிடோ 3 திரை கொண்டவை. கறுப்பு எழுத்துக்கு 300 புள்ளி, வண்ணத்துக்கு 150 புள்ளிதான். திரைமேல் ஒட்டியிருக்கும் வண்ண வடிகட்டியால் பின்னணி சாம்பல் தட்டும். விளக்கைக் கூட்டி வைக்க வேண்டிவரும், அதனால் பேட்டரியும் சீக்கிரம் தீரும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் உள்ள தமிழ்ப் படக்கதைகளைக் குழந்தைக்குக் காட்டவோ வார இதழ்களைப் புரட்டவோ வேண்டுமானால் வீட்டில் இருக்கும் டேப்லெட்டே அதைவிட நன்றாகக் காட்டும்.

மாதத்துக்கு ஒரு நூல்கூட முடிக்காதவர், கிண்டில் செயலியைக் கைபேசியில் போட்டு 2 மாதம் படித்துப் பார்த்துவிட்டு வாங்கலாம். இ-இங்க் திரை பக்கம் மாறும்போது மட்டுமே மின்சாரம் இழுக்கும். வெயிலிலும் தெளிவாகத் தெரியும். திரை விளக்கு கண்ணைப் பார்த்து அடிக்காமல் திரைமேல் படர்கிறது. நாளுக்கு ஒரு மணி நேரமாவது படிப்பவருக்குத்தான் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும்.

பணம் கொடுப்பதற்கு முன்னும் பின்னும்

இ-ரீடர் சாவது பெரும்பாலும் திரை உடைந்துதான். எழுத்தைக் காட்டும் படலத்துக்கு அடியில் மெல்லிய கண்ணாடி இருக்கிறது. பையில் சாப்பாட்டு டப்பாவோ சார்ஜரோ அழுத்தினால் வெளிக்கீறல் இல்லாமலே அது விரிசல் விடும். பக்கத்தின் ஒரு மூலை மட்டும் மாறாமல் உறைந்து நிற்கும், குறுக்கே கோடுகள் ஓடும். திரையை மாற்றும் செலவு புதுக் கருவியின் விலையை நெருங்கும். ஆகவே முன்பக்கம் கெட்டியான அட்டை உள்ள உறையைக் கருவியோடு சேர்த்தே வாங்குங்கள். சிலிகான் உறை இதைத் தடுக்காது. மாதக்கணக்கில் தொடாமல் வைப்பதானால் பேட்டரியைப் பாதி அளவுக்கு ஏற்றி வையுங்கள். முழுக்கக் காலியாகவே கிடந்தால் திரும்ப உயிர் பெறாமலும் போகலாம்.

பழைய கிண்டில் வாங்குபவர், விற்பவரின் கணக்கிலிருந்து அது நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, பணம் கொடுக்கும் முன் அவர் கண்ணெதிரிலேயே தன் கணக்கில் பதிந்துகொள்ள வேண்டும். தொலைந்துபோனதாகப் புகார் கொடுத்த கருவி பதிவாகாது. விளக்கை முழுதாக ஏற்றி, இருட்டறையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால் கறை, புள்ளி, ஒருபக்கம் மட்டும் மங்கல் எல்லாம் தெரிந்துவிடும்.

புதிதாக வாங்கியவர் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் மூன்று கோப்புகளை ஏற்றிப் பார்க்க வேண்டும். முதலாவது, கடையில் வாங்கிய ஒரு தமிழ் நூல் அல்லது அதன் இலவச மாதிரிப் பக்கங்கள். இரண்டாவது, நீங்களே உருவாக்கிய இபப். அதில் "கொடுத்தோம், பெற்றோர், கௌதமர், நூறு, துணை, ஸ்ரீ, லக்ஷ்மி" என்று ஒரு வரி இருக்கட்டும். எழுத்தளவை மூன்று நிலைகளில் மாற்றி, கொம்பும் கால்களும் தம் இடத்தில் நிற்கின்றனவா பாருங்கள். "ஸ்ரீ" இரண்டு துண்டாக வருவது எழுத்துருவின் குறை, வேறொன்று போட்டால் தீரும். கொம்பு இடம் மாறினால் அது எஞ்சினின் குறை, எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. மூன்றாவது, நீங்கள் உண்மையிலேயே படிக்க நினைத்திருக்கும் ஒரு ஸ்கேன் பிடிஎஃப். அதில் 20 பக்கம் தொடர்ந்து படியுங்கள். 5 பக்கத்திலேயே கண் சுருங்கினால் கெடு முடியும் முன் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓர் அளவு பெரியதை வாங்குங்கள்.